வரி எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, எது மேலன்னு கேளுங்க

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நடந்த ஒரு மீட்டிங் இன்னும் அப்படியே கண்ணுல நிக்குது. நான் அப்போ காஸ்டிங் செக்‌ஷன்ல ஜூனியர், ஷீட்டை பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டு ஓரமா உக்காந்திருக்கற ஆள். அந்த வருஷம் எங்க தொழில்ல இருக்கற எல்லாருக்கும் லைசென்ஸ் ஃபீஸை ஏத்தியிருந்தாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கட்டறது, ஒரு யூனிட் செஞ்சாலும் ஒரு லட்சம் யூனிட் செஞ்சாலும் அதே தொகை. மீட்டிங்ல அந்தக் கூடுதல் ஃபீஸை எடுத்து, வருஷத்துக்கு எத்தனை யூனிட் செய்யறோமோ அதால வகுத்து, வந்ததை ஒவ்வொரு யூனிட்டோட காஸ்ட்லயும் ஏத்திட்டாங்க. அடுத்த வாரமே ஒரு ஆர்டர் வந்துச்சு, ரேட் கொஞ்சம் கம்மியாக் கேட்டாங்க. பழைய ஷீட்படி கட்டுப்படியாகும், புது ஷீட்படி நஷ்டம். வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

அன்னிக்கு சாயந்திரம் முழுக்க எனக்கு அதே யோசனைதான். அந்த ஆர்டரை எடுத்திருந்தாலும் ஃபீஸ் அவ்வளவுதான், எடுக்காம விட்டாலும் அவ்வளவுதான், அப்போ அந்த ஆர்டர் கட்டுப்படியாகுமா ஆகாதாங்கற கணக்குல ஃபீஸுக்கு என்ன வேலை? கட்டியே ஆகணும்னு ஆன பணத்தை ஒவ்வொரு யூனிட் தலையிலயும் ஏத்தி வச்சுட்டு, அந்த சுமையைப் பாத்துட்டு வந்த லாபத்தைத் திருப்பி அனுப்பிட்டோம். சொல்ற தைரியம் அப்போ எனக்கு இல்ல. காலேஜ்ல இதே விஷயத்தைப் படிச்சு, பரீட்சைல வரைபடம் எல்லாம் போட்டுட்டு வந்திருக்கேன், ஆனா அது நெஜமா என்ன சொல்லுதுன்னு அந்த ஆர்டர் போனப்பதான் உறைச்சுது.

வரின்னாலே பேச்சு எப்பவும் எவ்வளவுங்கறதுலயே நின்னுடுது. ரேட் ஜாஸ்தி, ரேட் கம்மி, அவ்வளவுதான். ஆனா ஒரு கம்பெனி இந்த மாசம் எத்தனை யூனிட் செய்யணும், எத்தனை பேரை வேலைக்கு எடுக்கணும், புது மெஷின் வாங்கணுமா, கடையைக் கட்டிட்டுக் கிளம்பணுமாங்கற முடிவை எல்லாம் மாத்தறது வரியோட அளவை விட, அது எது மேல தொங்குதுங்கறதுதான். அதே தொகையை ஒரு மாதிரி வாங்கினா தொழில் அசையாம நிக்கும், இன்னொரு மாதிரி வாங்கினா சுருங்கிப் போயிடும். இது ஏதோ கருத்து இல்ல, சாதாரணக் கூட்டல் கழித்தல்ல போட்டுப் பாக்கலாம்.

ஒரு சின்ன கம்பெனின்னு வச்சுக்கோங்க. மார்க்கெட்ல விலை 55, அதை மாத்தற சக்தி இவங்களுக்கு இல்ல. இடம், மெஷின்னு செஞ்சாலும் செய்யாட்டியும் ஆகற ஃபிக்ஸட் காஸ்ட் 75. முதல் யூனிட் செய்யக் கூடுதலா 10 செலவாகுது, ரெண்டாவதுக்கு 20, மூணாவதுக்கு 30, இப்படியே ஏறிட்டுப் போகுது, ஏன்னா செய்யச் செய்ய ஓவர்டைம் குடுக்கணும், மெஷினை அளவுக்கு மீறி ஓட்டணும். இந்தக் கூடுதல் செலவைத்தான் மார்ஜினல் காஸ்ட்னு சொல்றோம். அஞ்சாவது யூனிட்டுக்கு 50 செலவு, விலை 55, சரி செய்யலாம். ஆறாவதுக்கு 60, வேண்டாம். ஆக 5 யூனிட். வரவு 275, மாறும் செலவு 10, 20, 30, 40, 50 எல்லாம் சேத்து 150, ஃபிக்ஸட் 75. லாபம் 50.

இப்போ அரசாங்கம் லம்ப்சமா, மொத்தமா 24 வாங்குதுன்னு வைங்க. அஞ்சாவது யூனிட்டுக்கு இப்பவும் 50 செலவு, 55 வரவு. ஆறாவது இப்பவும் நஷ்டம். எதுவும் மாறல. 5 யூனிட்தான், லாபம் மட்டும் 26 ஆகுது. சரி, அதே 24-ஐ வேற மாதிரி வாங்கிப் பாப்போம். ஒரு யூனிட்டுக்கு 6 வரி. இப்போ மார்ஜினல் காஸ்ட் 16, 26, 36, 46, 56. அஞ்சாவது யூனிட்டை செஞ்சா 55 கிடைக்கும், 56 போகும். அதனால 4-லயே நிறுத்திடுவாங்க. வரி 4 பெருக்கல் 6, அதே 24. லாபம்? வரவு 220, மாறும் செலவு 100, ஃபிக்ஸட் 75, வரி 24, மிச்சம் 21.

கொஞ்சம் நின்னு இதைப் பாருங்க. அரசாங்கத்துக்கு ரெண்டுலயும் 24. கம்பெனிக்கு ஒண்ணுல 26, இன்னொண்ணுல 21. அந்த 5 எங்க போச்சு? யார் கைக்கும் போகல. 50 செலவுல செஞ்சு 55-க்கு விக்கக்கூடிய ஒரு யூனிட் உலகத்துல உருவாகாமலே போச்சு, அந்த வித்தியாசம்தான் அந்த 5. வரியால வர்ற நஷ்டம்னு நாம நினைக்கறது வரியா கட்டின பணத்தை, ஆனா அந்தப் பணம் இன்னொருத்தர் கைல இருக்கு, ரோடா பள்ளிக்கூடமா மாறலாம். நெஜமான நஷ்டம் செய்யாம விட்ட அந்த அஞ்சாவது யூனிட். எந்த பேலன்ஸ் ஷீட்லயும் அது வராது, அதனாலதான் யாரும் அதுக்காகக் கவலைப்படறதும் இல்ல.

லாபத்து மேல வரி போட்டா என்ன ஆகும்னும் இதே கம்பெனியை வச்சே பாக்கலாம். லாபம் 50, அதுல 48 சதவீதம் வரின்னா 24. ரேட்டைக் கேட்டா பயங்கரமா இருக்கு. ஆனா 5 யூனிட் செஞ்சா 50-ல 52 சதவீதம் கைல நிக்கும். 4 யூனிட் செஞ்சா லாபமே 45தான், அதுல 52 சதவீதம். எதோட 52 சதவீதம் பெருசு? அதே 5 யூனிட்தான். எந்த முடிவு வரிக்கு முன்னாடி அதிக லாபம் குடுக்குதோ அதுதான் வரிக்கு அப்புறமும் அதிக லாபம் குடுக்கும். இதை கூர்னோங்கற பிரெஞ்சு அறிஞர் 1838லயே எழுதி வச்சிட்டாரு. போட்டியே இல்லாத கம்பெனிக்குக் கூட மொத்தத் தொகையா வாங்கற வரியோ நிகர லாபத்துல பங்கா வாங்கற வரியோ விலையையும் அளவையும் மாத்தாதுன்னு காட்டினவர் அவர். இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமும் லாப வரி ஏறினா உடனே விலை ஏறும்னு அடிச்சுப் பேசறவங்களைப் பாக்கறேன். எதை லாபம்னு சொல்றோங்கறதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி வர்றேன்.

இன்னொரு வகை, உள்ள போற பொருள் மேல வரி. சம்பளத்து மேல கம்பெனி கட்டற வரின்னு எடுத்துக்கலாம். நம்ம கம்பெனில மாறும் செலவுல பாதி சம்பளம், அதுக்கு 25 சதவீத வரின்னா மார்ஜினல் காஸ்ட் எல்லாமே எட்டுல ஒரு பங்கு ஏறும். அஞ்சாவது யூனிட் 56.25. நின்னு போச்சு. 4 யூனிட்டுக்கான சம்பளம் 50, வரி வசூல் 12.5 மட்டும்தான். அதாவது 24 வாங்கின வரி எந்த யூனிட்டை அழிச்சதோ, அதே யூனிட்டை அதுல பாதி வாங்கற வரியும் அழிச்சிடுச்சு. கதை இதோட முடியல. சம்பளம் மட்டும் விலை ஏறின மாதிரி ஆனதால ஆள் செய்யற வேலையை மெஷினுக்கு மாத்த முடியுமான்னு பாக்க ஆரம்பிப்பாங்க. மெஷின் இயல்பா லாபமா இருந்து மாத்தினா நல்லதுதான். இங்க அது வரியால மட்டும் லாபமாத் தெரியுது, அதே பொருளை முன்ன விட அதிக வளத்தை செலவு பண்ணி செய்யறோம், யாருக்கும் அது கண்ணுல படறதில்ல. இன்னொண்ணும் சொல்லணும், இந்த மாதிரி வரி நாளாக ஆக சம்பள உயர்வைக் குறைச்சு ஒரு பகுதி தொழிலாளி மேலயே இறங்கிடும். சட்டத்துல யார் பேர் இருக்குங்கறது ரசீதுக்கு மட்டும்தான் முக்கியம்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் குறுகிய காலக் கணக்கு, அதாவது புதுசா யாரும் வராம, இருக்கறவங்க யாரும் போகாம இருக்கற காலத்துக்கு. நீண்ட காலத்துக்குப் போனா படம் தலைகீழா மாறுது, என்னை ரொம்ப நாள் குழப்பினதும் அப்புறம் இந்த விஷயத்து மேலயே ஒரு பிரியத்தை வர வச்சதும் இந்த இடம்தான்.

நம்ம கம்பெனியோட ஆவரேஜ் காஸ்ட்டைப் பாருங்க, அதாவது மொத்தச் செலவை யூனிட் எண்ணிக்கையால வகுத்தா வர்றது. 3 யூனிட் செஞ்சா ஒண்ணுக்கு 45, 4 செஞ்சா 43.75, 5 செஞ்சா மறுபடி 45. இருக்கறதுலயே கம்மி 4 யூனிட்ல. விலை 55-ன்னா லாபம் இருக்கு, லாபம் இருந்தா புதுசா ஆட்கள் வருவாங்க, சரக்கு கூடும், விலை இறங்கும், கடைசில 43.75 கிட்ட வந்து நிக்கும், ஒவ்வொருத்தரும் 4 யூனிட் செய்வாங்க. இப்போ யூனிட்டுக்கு 6 வரி வந்தா ஆவரேஜ் காஸ்ட் எல்லா இடத்துலயும் சமமா 6 ஏறும். குறைஞ்ச இடம் மாறாது, அதே 4 யூனிட், 49.75. சில கம்பெனிகள் மூடிட்டுப் போவாங்க, விலை 49.75-க்கு ஏறும், மிச்சம் இருக்கறவங்க முன்ன செஞ்ச அதே 4 யூனிட்டை செய்வாங்க. குறுகிய காலத்துல எந்த வரி ஒவ்வொரு கம்பெனியோட உற்பத்தியையும் குறைச்சதோ, நீண்ட காலத்துல அது ஒரு கம்பெனியோட சைஸைத் தொடவே இல்ல, கம்பெனிகளோட எண்ணிக்கையைத்தான் தொட்டுச்சு.

லம்ப்சம் வரி? 30 போடறாங்கன்னு வைங்க, ஃபிக்ஸட் காஸ்ட் 105 ஆகுது. 4 யூனிட்ல ஆவரேஜ் 51.25, 5 யூனிட்ல 51, 6 யூனிட்ல 52.5. குறைஞ்ச இடம் 5-க்கு நகர்ந்துடுச்சு. அதாவது தாக்குப் பிடிச்சு நிக்கறவங்க பெரிசாகணும், இல்லைன்னா நிக்க முடியாது. எந்த வரி இன்னிக்கு உற்பத்தி முடிவை அசைக்கவே இல்லையோ அதுதான் நாளைக்கு சின்ன கம்பெனிகளை வெளில தள்ளிட்டு, மிச்சம் இருக்கறவங்களைப் பெரிசாக்குது. பெரிய லைசென்ஸ் ஃபீஸ், பெரிய ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் எல்லாம் இருக்கற தொழில்ல சின்ன ஆட்கள் ஏன் குறைஞ்சுகிட்டே வர்றாங்கன்னு இந்த ஒரு கணக்கே பாதி சொல்லிடும். லம்ப்சம் வரி எதையும் மாத்தாதுன்னு பாடத்துல படிச்சிட்டு அப்படியே நம்பிட்டு இருந்தேன், அது தொழிலை விட்டுப் போற உரிமையை மறந்துட்டுப் பேசற பேச்சு.

மூடறதைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை. விலை 55-ஆ இருக்கற அந்தக் காலத்துலயே லம்ப்சம் 60-னு வந்தா கம்பெனிக்கு 10 நஷ்டம். உடனே மூடுவாங்களா? இடத்துக்கும் மெஷினுக்கும் 75-க்கு ஏற்கனவே ஒப்பந்தம் போட்டாச்சுன்னா மூடினா நஷ்டம் 75, ஓட்டினா 10. ஓட்டுவாங்க. ஒப்பந்தம் முடியற அன்னிக்குப் போயிடுவாங்க. வரி போட்ட வருஷம் ஒண்ணும் ஆகலையேன்னு சொல்றவங்களுக்கு இது தெரியணும், கம்பெனி போற நாள் வரி வந்த நாள்ல தெரியறதில்ல.

போட்டி இல்லாத கம்பெனிக்கு, அதாவது மோனோபோலிக்கு வருவோம். விலையை இவங்களே வைக்கறாங்க, அதனால வரி வந்தா முழுசா வாங்கறவங்க தலையில கட்டிடுவாங்கன்னுதான் பொதுவா நினைப்பு. ஆனா டிமாண்ட் நேர்கோடா இருந்து, அதாவது விலை ஒவ்வொரு ரூபாய் ஏறறப்பவும் விற்பனை ஒரே அளவு குறைஞ்சு, மார்ஜினல் காஸ்ட்டும் மாறாம இருந்தா வரில சரியா பாதிதான் விலைல ஏறும், மீதிப் பாதி அவங்க லாபத்துல இருந்து போகும். ஏன்னா அவங்க ஏற்கனவே எவ்வளவு ஏத்த முடியுமோ அவ்வளவு ஏத்தி வச்சிருக்காங்க, இன்னும் ஏத்தினா வாங்கறவங்க போயிடுவாங்க. ஆனா டிமாண்டோட வடிவம் வேற மாதிரி இருந்தா வரியை விட அதிகமாவே விலை ஏறலாம். விலை 1 சதவீதம் ஏறினா விற்பனை எப்பவும் 2 சதவீதம் குறையும்ங்கற மாதிரி டிமாண்ட் இருந்தா, மார்ஜினல் காஸ்ட்டைப் போல ரெண்டு மடங்கு விலை வைக்கறதுதான் அவங்களுக்கு லாபம். அப்போ வரி 1 ஏறினா விலை 2 ஏறும். ரெண்டும் ஒரே மோனோபோலிதான், வாங்கறவங்க எப்படி நடந்துக்கறாங்கங்கறதுதான் வேற.

யூனிட்டுக்கு இவ்வளவுன்னு போடற வரிக்கும் விலைல இத்தனை சதவீதம்னு போடற வரிக்கும் உள்ள வித்தியாசமும் இங்கதான் தெளிவாத் தெரியும். நல்ல போட்டி இருக்கற மார்க்கெட்ல ரெண்டையும் சமமா அமைச்சிடலாம், பெருசா வித்தியாசம் இல்ல. மோனோபோலில சதவீத வரிக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. அவங்க சரக்கைக் குறைச்சு விலையை ஏத்தறதுதான் அவங்களோட வழி, சதவீத வரி இருந்தா அப்படி ஏத்தின விலைலயும் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு போயிடும், அதனால ஏத்தற ஆசை கொஞ்சம் அடங்கும். அதே அளவு உற்பத்தில சதவீத வரி அதிக வசூல் குடுக்கும்னு சூட்ஸ், மஸ்கிரேவ்ங்கற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1953ல கணக்கா எழுதினாங்க.

யூனிட் வரிக்கு இன்னொரு பக்கம் இருக்கு, அதுக்குக் கதை நிறைய இருக்கு. பிரிட்டன்ல 1784ல செங்கல்லுக்கு வரி போட்டாங்க, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு. செங்கல் செய்யறவங்க என்ன பண்ணாங்க? கல்லைப் பெருசாக்கினாங்க. எண்ணிக்கைக்குத்தானே வரி, அப்போ அதே சுவருக்குக் குறைஞ்ச கல். அப்புறம் அரசாங்கம் பெரிய கல்லுக்கு அதிக வரின்னு சட்டத்தை மாத்த வேண்டியதாச்சு. 1850ல அந்த வரியே போயிடுச்சு. அதே நாட்டுல கண்ணாடிக்கு எடை மேல வரி இருந்த காலத்துல கண்ணாடிப் பாத்திரம் எடை குறைஞ்சு மெலிசாச்சு, 1845ல அதை எடுத்தாங்க. பார்செல்னு ஒரு பொருளாதார அறிஞர் 1976ல இதை ஒரு பொதுவான கருத்தா எழுதினாரு, அதோட சாரம் இதுதான். ஒரு பொருள்னு நாம சொல்றது உண்மைல பல குணங்களோட கட்டு, வரி அதுல ஒரு குணத்தைத்தான் பிடிச்சுக்கும், கம்பெனி மத்த குணங்கள் பக்கம் நகர்ந்துடும். யூனிட்டுக்கு வரின்னா ஒவ்வொரு யூனிட்லயும் அதிகமா அடைப்பாங்க, தரத்தை ஏத்துவாங்க. சதவீதம்னா தரத்துக்கும் வரி விழும், அதனால தரம் ஏத்தற காரணம் குறையும். உற்பத்தி எத்தனைங்கற கேள்வி மட்டும் இல்லாம எதை உற்பத்தி பண்றோங்கறதே மாறிடுது, என் பார்வைல காலேஜ்ல போட்ட அந்த வரைபடத்துல விட்டுப்போன முக்கியமான பக்கம் இதுதான்.

கம்பெனியோட வடிவத்தையே மாத்தற வரியும் இருக்கு. ஒவ்வொரு விற்பனைக்கும் மொத்த டர்ன்ஓவர் மேல, அதாவது முழு விற்பனைத் தொகை மேல 5 சதவீதம்னு வைங்க. மூணு கம்பெனி, ஒவ்வொருத்தரும் 100 மதிப்பு சேக்கறாங்க. முதல் ஆள் 105-க்கு விப்பாரு. ரெண்டாவது ஆள் 205 ஆக்கி வரியோட 215.25. மூணாவது ஆள் 315.25 ஆக்கி வரியோட 331 சொச்சம். இந்த மூணு வேலையையும் ஒரே கம்பெனி உள்ளயே செஞ்சா 300-க்கு 15, மொத்தம் 315. வித்தியாசம் 16. அந்த 16-க்காக ஒருத்தரை ஒருத்தர் விலைக்கு வாங்கி ஒண்ணாக ஆரம்பிப்பாங்க, தனியா நல்லா வேலை செய்யற சின்ன சப்ளையருக்கு இடம் இல்லாமப் போகும். ஜெர்மனில 1918ல இருந்து இப்படி ஒவ்வொரு கட்டத்துலயும் விழற டர்ன்ஓவர் வரிதான் இருந்துச்சு, ஒண்ணா இருக்கற பெரிய கம்பெனிகளுக்கு இது சலுகையாப் போகுதுங்கற புகார் ரொம்ப நாள் ஓடி, 1968ல மதிப்புக்கூட்டு வரிக்கு மாறினாங்க. பிரான்ஸ்ல மொரீஸ் லோரேங்கற வரித்துறை அதிகாரி 1954ல அதைக் கொண்டு வந்திருந்தாரு. வாங்கினதுக்குக் கட்டின வரியைக் கழிச்சுக்கலாம்ங்கற அந்த ஒரு விதியாலதான் மூணு கம்பெனியா இருந்தாலும் ஒண்ணா இருந்தாலும் கடைசில ஒரே வரி. கணக்குப் புத்தகத்துல ஒரு கழித்தல், அதால யாரு யார்கிட்ட வாங்கணும்ங்கற முடிவு நேராச்சு.

அப்படின்னா டர்ன்ஓவர் வரியை இன்னும் ஏன் வச்சிருக்காங்கன்னு கேக்கலாம். லாபத்தை மறைக்கறது சுலபம், செலவைக் கூட்டிக் காட்டினா போதும். விற்பனையை மறைக்கறது கஷ்டம். பாகிஸ்தான்ல கம்பெனிகள் லாப வரி, டர்ன்ஓவர் வரி ரெண்டுல எது அதிகமோ அதைக் கட்டணும்னு ஒரு விதி இருக்கு, அதை வச்சு ஆராய்ச்சி பண்ணினவங்க டர்ன்ஓவர் பக்கம் போறப்ப ஏய்ப்பு நல்லாவே குறையுதுன்னு காட்டினாங்க. உற்பத்தியைக் கெடுக்கற வரியா இருந்தும் அரசாங்கம் அதை விடாததுக்கு இது ஒரு நேர்மையான காரணம், இதை ஒதுக்கிட்டு நான் மேல சொன்ன கணக்கை மட்டும் பேசினா அது பாதி உண்மைதான்.

இப்போ லாப வரிக்கு வர்றேன்னு சொன்னேன்ல. 48 சதவீதம் வாங்கியும் எதுவும் மாறலைன்னு காட்டினது, லாபம்னா எல்லா செலவும் போன மிச்சம்னு எடுத்துக்கிட்டதால. ஆனா வரிச் சட்டத்துல முதலாளி போட்ட சொந்தப் பணத்துக்கான வருமானம் செலவு இல்ல. மெஷின் விலையையும் உடனே கழிக்க முடியாது, வருஷக் கணக்கா தேய்மானமாத்தான் கழிக்கணும். அங்கதான் லாப வரி மெதுவா முதலீட்டு மேல விழற வரியா மாறுது. 100 போட்டு மெஷின் வாங்கினா அடுத்த வருஷம் 110 தரும், அதோட மெஷின் வேலை முடிஞ்சுது. வேற எங்க போட்டாலும் 10 சதவீதம் கிடைக்கும், அதனால இது சரியா எல்லைல நிக்கற முதலீடு. 30 சதவீத லாப வரி, 100-ஐ அடுத்த வருஷம்தான் கழிக்கலாம்னா லாபம் 10, வரி 3, கைல 107. 7 சதவீதத்துக்கு எதுக்கு மெஷின்? வாங்க மாட்டாங்க. இப்போ வாங்கின அன்னிக்கே முழு 100-ஐயும் கழிக்கலாம்னு விட்டா, மத்த வருமானத்துக்கான வரில 30 உடனே மிச்சம், கைக்காசு 70தான் போச்சு. அடுத்த வருஷம் 110 முழுசுக்கும் வரி 33, மிச்சம் 77. 70 போட்டு 77, திரும்ப அதே 10 சதவீதம். வரியே இல்லாத மாதிரி முடிவு. அரசாங்கம் மெஷின் விலைல 30 சதவீதம் போட்ட பார்ட்னரா ஆகிடுது, வருமானத்துல 30 சதவீதம் எடுத்துக்குது, நம்ம பங்குக்கு எந்தக் கேடும் இல்ல. கேரி பிரவுன்ங்கற பொருளாதார அறிஞர் 1948ல இதை எழுதினாரு, எத்தனை தடவை போட்டுப் பாத்தாலும் எனக்கு சந்தோஷமா இருக்கற கணக்கு இது.

அதனால யாராவது வரி ரேட்டைக் குறைச்சா முதலீடு பொங்கும்னு சொன்னா, முதலீட்டைக் கழிக்கற விதி என்னன்னு கேக்கத் தோணுது. அமெரிக்கால 2017ல வந்த சட்டம் கம்பெனி வரியை 35-ல இருந்து 21-க்குக் குறைச்சுது, கூடவே மெஷின் மாதிரி சாதனங்களோட விலையை முழுசா உடனே கழிச்சுக்கலாம்னும் சில வருஷத்துக்கு விட்டுச்சு. முதல் பகுதி ஏற்கனவே போட்டு முடிச்ச முதலீட்டோட லாபத்துக்கும் பரிசு குடுக்குது, ரெண்டாவது புதுசா வாங்கறவங்களுக்கு மட்டும்தான். வசூல்ல ஒரே அளவு விட்டுக் குடுக்கறதா இருந்தா நான் ரெண்டாவதைத்தான் எடுப்பேன். எஸ்டோனியா 2000ல வேற வழில போச்சு, லாபத்தைக் கம்பெனிக்குள்ளயே வச்சு திரும்பப் போட்டா வரி இல்ல, பங்குதாரருக்கு எடுத்துக் குடுக்கறப்பதான் வரி. கடன் வாங்கி மெஷின் வாங்கினா வட்டியைக் கழிக்கலாம், சொந்தப் பணத்துக்குக் கழிவு இல்லைங்கற பழக்கம் பெரும்பாலான நாட்டுல இன்னும் இருக்கு, கம்பெனிகளைத் தேவைக்கு மேல கடன் வாங்க வைக்கறது அதுதான்.

எல்லைக்கோடு போட்ட வரிகளைப் பத்தி சுருக்கமா. பிரிட்டன்ல ஆண்டு விற்பனை 85,000 பவுண்டைத் தாண்டினா மதிப்புக்கூட்டு வரில பதிவு பண்ணணும்னு இருந்துச்சு, 2024 ஏப்ரல்ல 90,000 ஆக்கினாங்க. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ கம்பெனிகள் கூட்டமா நிக்கறது தரவுல அப்படியே தெரியும். வளர முடிஞ்சும் வளராம நிக்கறாங்க. அங்க அடுத்த ஒரு யூனிட்டோட வரி 6 இல்ல 10 இல்ல, பதிவு பண்ணினதுல இருந்து செய்யற எல்லா விற்பனைக்கும் சேத்து விழற வரி.

உற்பத்தியைக் குறைக்கறதுக்காகவே போடற வரியும் உண்டு. புகை, கழிவு மாதிரி கம்பெனி தான் ஏத்துக்காம ஊருக்கு விடற செலவு இருந்தா, அதை வரியா கம்பெனி கணக்குல சேக்கணும்னு பிகுங்கற பொருளாதார அறிஞர் 1920ல எழுதினாரு. இங்கயும் எது மேலங்கறதுதான் எல்லாம். புகைக்கு வரி போடாம பொருளுக்குப் போட்டா கம்பெனி பொருளைக் குறைக்கும், ஃபில்டர் மாட்டாது, ஏன்னா மாட்டினாலும் வரி குறையாது. ஸ்வீடன்ல 1992ல பெரிய எரிப்பு ஆலைகளுக்கு நைட்ரஜன் ஆக்சைடு ஒரு கிலோவுக்கு 40 குரோனர்னு போட்டாங்க, வசூலான பணத்தை அரசாங்கம் வச்சுக்காம யார் எவ்வளவு எரிசக்தி செஞ்சாங்களோ அந்த விகிதத்துல அதே ஆலைகளுக்குத் திருப்பிக் குடுத்தாங்க. அதாவது புகைக்கு அபராதம், உற்பத்திக்கு மானியம், ரெண்டும் ஒரே ரசீதுல. ஆலைகள் மூடல, ஒரு யூனிட் எரிசக்திக்கு வர்ற புகை நல்லாவே குறைஞ்சுது. வரியோட கொக்கியை எங்க மாட்டறதுன்னு உக்காந்து யோசிச்சவங்க செஞ்ச வேலை அது.

இப்போ என்கிட்ட காஸ்டிங் ஷீட் வந்தா வரின்னு ஒரே கட்டம் வைக்க விடறதில்ல. இன்னும் ஒரு யூனிட் செஞ்சா ஏறற வரி ஒரு கட்டம், செஞ்சாலும் செய்யாட்டியும் கட்டற வரி இன்னொரு கட்டம், தொழிலை விட்டுப் போனா மட்டும் மிச்சமாகற வரி மூணாவது. ஆர்டர் எடுக்கலாமான்னு கேட்டா முதல் கட்டத்தை மட்டும் பாக்கறோம். அடுத்த வருஷமும் இந்த லைன்ல இருக்கலாமான்னு கேட்டா மூணாவதையும் சேத்துக் கூட்டறோம். போன மாசம் புதுசா சேர்ந்த ஒரு ஜூனியர் லைசென்ஸ் ஃபீஸை எந்தக் கட்டத்துல போடணும்னு கேட்டாங்க. பக்கத்துல சேர் போட்டு உக்கார வச்சு, அந்தப் போன ஆர்டர்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சேன்.